சாட்சிக் கூண்டில் ஏறிய எங்கள் அக்கா

எங்கள் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்து, எங்களை அதட்டியும் அணைத்தும் ஆளாக்கி, சென்ற ஆண்டு இதே மாதத்தில் எங்களைப் பிரிந்த அக்கா அவர்களின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைத் தங்கள் கைகளில் வைக்கிறோம். அவருக்கு அடுத்துப் பிறந்தவன் என்னும் முறையில் இக்கட்டுரையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்காதவன் நான். படிப்பகத்தில் அமர்ந்து வாசித்த வாசிப்பே என் கல்வி. பிழை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

உறவினர் சிலர் என்னிடம் வந்து, "அந்த விஷயத்த மட்டும் உட்டுட்டு எழுதுங்க பெரியப்பா. கம்பெனில எங்ககூட வேல செய்றவங்க கைக்கெல்லாம் இந்தப் புக்கு போவும்" என்று கேட்டுக்கொண்டனர். அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அக்காவின் மகளிடம் நான் யோசனை கேட்டபோது, "அத எழுதாம வேற இன்னாத்த மாமா எழுதப் போறீங்க?" என்றது அந்தப் பிள்ளை. அதுவும் சரியே. அந்த விஷயத்தை நீக்கிவிட்டால் அக்காவின் மீன் குழம்பும் வாசற்கோலமும் மட்டுமே மிஞ்சும். அவற்றுள் கோலம் என்றைக்கும் நேராக வந்ததில்லை.

அக்கா அவர்கள் பிறந்தது ஒரகடத்திற்கு மேற்கே ஒரு சிற்றூரில். எங்கள் நிலம் இருந்த இடத்தில் இன்று ஒரு தொழிற்சாலையின் மதிற்சுவர் செல்கிறது. எங்கள் தந்தையார் ஊரில் பெருமதிப்புக்குரியவர். ஆண்டுதோறும் கோயில் திருவிழாவை முன்னின்று நடத்தியவர். அக்காவைச் சிங்கப்பெருமாள் கோவிலில் மணமுடித்துக் கொடுத்தார். மாமா ரயில்வே கேட்டில் பணிபுரிந்தார். கடைசித் தம்பி எங்கள் இருவருக்கும் மிகவும் இளையவன். அவனைத் தூக்கி வளர்த்தவர் தாயைக் காட்டிலும் அக்காவே.

அத்தம்பிக்குச் சிறு வயதிலேயே வலிப்பு நோய் கண்டது. அச்செய்தி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அப்போது அக்கா வீட்டில் மணமாக வேண்டிய பெண்ணாக இருந்தார் என்பதே காரணம். பெண் மணமாகிப் போன பிறகும் அந்தப் பழக்கம் வீட்டைவிட்டுப் போகவில்லை.

வளர்ந்தபின் தம்பி ஒரு கல் குவாரியில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் அங்கே நடந்த தகராறில் மேஸ்திரியையும் அவருடைய உதவியாளரையும் சம்மட்டியால் தாக்கினான். இருவரும் இறந்தனர். இருவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஓடியவரையும் துரத்திச் சென்று தாக்கினான் என்று சாட்சிகள் கூறினர். அது உண்மை. மாவட்ட நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

எங்கள் முதல் வழக்கறிஞரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் கெட்டவரல்லர். ஆனால் தம்பி எப்படிப்பட்டவன், எப்படி வளர்ந்தான் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. தந்தையார் தாமாகவே அவரிடம், தம் மகன் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தவன், குடும்பத்தில் எந்த நோயும் கிடையாது என்று பெருமையாகச் சொல்லி வைத்தார். நல்ல குடும்பம் என்று தெரிந்தால் நீதிபதி மனமிரங்குவார் என்பது அவர் எண்ணம். தண்டனை குறித்துப் பேச வேண்டிய நாளில் வழக்கறிஞர் எழுந்து, வயது குறைவு, பெற்றோர் முதியோர், கருணை காட்டுக என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். நல்ல குடும்பத்தில் ஒரு குறையுமின்றி வளர்ந்தும் இத்தகைய கொடுமையைச் செய்தவன் என்று தீர்ப்பில் வந்தது. தந்தையாரின் சொல்லே மகனின் கழுத்துக்கு வந்து நின்றது.

தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும் என்பது சட்டம். 1991ஆம் ஆண்டு அவ்வழக்கு அங்கே விசாரணைக்கு வந்தபோது, இலவச சட்ட உதவியின் வழியாகச் சென்னையிலிருந்து வேறொரு வழக்கறிஞர் ஐயா கிடைத்தார். அவர் முதலில் சிறைக்குச் சென்று தம்பியைப் பார்த்தார். பிறகு ரயிலேறிச் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, அக்காவை அழைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். அவரிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. மேஸ்திரி அவனைக் கட்டிவைக்கப் போவதாகச் சொல்லிக் கயிற்றை எடுத்தார் என்று ஒரு சாட்சி கூறியிருந்தார். கயிற்றைக் கண்டதும் அவன் ஏன் அப்படி ஆனான் என்பது முதற்கேள்வி. அவன் கணுக்காலைச் சுற்றி வளையம் போல் ஒரு பழைய தழும்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது என்பது இரண்டாவது.

முதற்கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவதற்கு எல்லோரும் திறந்தார்கள். தந்தையார் முள்வேலி என்றார். தாயார் கிணற்றில் விழுந்தான் என்றார். சித்தப்பா மாட்டு வண்டிச் சக்கரம் என்றார். வழக்கறிஞர் ஐயா சிரித்துவிட்டு, "ஒரு காலுக்கு மூணு விபத்தா? பாவம் பையன்" என்று சொல்லி எழுந்தார். அக்கா அவருடன் நடந்து, பேருந்து நிறுத்தத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்த ஐயா, இதை என்னிடம் சொல்லிப் பயனில்லை, நீதிமன்றத்தில் பலர் முன்னிலையில் சொல்ல வேண்டும், முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அக்கா வீடு திரும்பினார்.

தந்தையாருக்குச் செய்தி எட்டியது. மறுநாளே அக்கா வீட்டிற்கு வந்துவிட்டார். நான் அப்போது பாடியில் ஒரு பட்டறையில் வேலை செய்துவந்தேன். வழக்கு விஷயமாக அன்று அங்கே வந்திருந்தேன். தந்தையார் கெஞ்சி நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

"என் மானம் போனாப் போவுது. ஒம் பொண்ணுக்கு எடம் பாத்துக்கினு இருக்க. வலிப்பு வர்ற குடும்பம்னு கோர்ட்டுல ஏறிச் சொன்னா எவன் வந்து எடுப்பான்? அவள நெனச்சிப் பாத்தியா?"

"நெனச்சேம்பா" என்றார் அக்கா. "அவ கல்யாணம் லேட்டானா ஆவட்டும். இவனுக்கு லேட்டாவ நாளு இல்ல."

குடும்பப் பின்னணி குறித்த சாட்சியத்தைப் பதிவு செய்து அனுப்புமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தம்பிக்குத் தூக்கு விதித்த அதே நீதிமன்றத்தில் அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினார். ஊரிலிருந்து பலர் வந்திருந்தனர். தந்தையார் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

தம்பிக்கு வலிப்பு வரும் என்பதையும், வெளியே தெரியக்கூடாது என்று அவனைப் பம்பு செட்டு அறையில் மாட்டுச் சங்கிலியால் கட்டி வைத்ததையும், ஊருக்கு விருந்தாளி வந்தாலும் திருவிழா வந்தாலும் அவன் அங்கேயே கிடந்ததையும் அக்கா சொன்னார். கட்டியவர் யார் என்று கேட்டார் வழக்கறிஞர் ஐயா. எங்கப்பா என்றார் அக்கா. பின் வரிசைப் பக்கம் அவர் திரும்பவில்லை.

"அப்போ நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"என்னால அவுக்க முடியாதுங்க. பூட்டு இருக்கும். என் பாவாடத் துணியக் கிழிச்சி, சங்கிலிக்கும் காலுக்கும் நடுவுல சுத்தி வெப்பேன். அப்பா பாத்தா உருவிடுவாரு. மறுபடியும் வெப்பேன்."

தட்டச்சு செய்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. எதற்கும் எதற்கும் நடுவில் என்று கேட்டார். அக்கா இன்னும் உரக்க, மன்றம் முழுதும் கேட்கும்படி, "சங்கிலிக்கும் காலுக்கும் நடுவுல" என்றார். அப்போதுதான் தந்தையார் எழுந்து வெளியே போனார்.

அரசு வழக்கறிஞர் தம் கடமையைச் செய்தார். இத்தனை காலம் சொல்லாததை இப்போது சொல்வது தம்பியைக் காப்பாற்றப் புனைந்த கதைதானே என்று கேட்டார்.

"கத கட்டறதா இருந்தா எங்கப்பாவ நல்லவராக் காட்டித்தாங்க கட்டுவேன்" என்றார் அக்கா. "அதத்தான் இத்தினி வருசமா எல்லாரும் பண்ணிக்கினு இருந்தோம்."

அப்படியென்றால் இரண்டு உயிர்களைக் கொன்றது சரியா என்று அடுத்துக் கேட்டார்.

"சரியில்லீங்க. அந்த ரெண்டு வூட்டுப் பசங்களையும் பஸ்ஸாண்டுல பாத்தா நான் தலய குனிஞ்சிக்கினுதான் போறேன். அவன் ஜெயில்லயே இருக்கட்டும். கயித்தக் கண்டா அவன் ஏன் அப்பிடி ஆனான்னு தெரிஞ்சிக்கினு என்னா தண்டன வேணாலும் குடுங்க. தெரியாம குடுத்துடாதீங்க."

மருத்துவர் ஒருவரும் தம்பியைப் பரிசோதித்து, நோய் உண்டு என்றும் தலையில் பழைய காயம் உண்டு என்றும் சாட்சியமளித்தார். குற்றம் குற்றமே என்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் இவ்விவரங்கள் எதுவும் தண்டனை விதித்தபோது முன்வைக்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டித் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றியது. வழக்கறிஞர் ஐயா நேரில் வந்து செய்தி சொன்னபோது அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, ஆயுள் கைதியை எந்தெந்தக் கிழமை பார்க்க விடுவார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அதன் பின் வந்த காலம் எளிதாக இருக்கவில்லை. உறவினர் பலர் பத்திரிகை வைப்பதை நிறுத்தினர். அவர்களுள் சிலர் இம்மலரை இப்போது கையில் வைத்திருப்பீர்கள். அக்காவுக்கு உங்கள் மேல் வருத்தமில்லை. மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. பிறகு வேறு குடும்பத்தார் பெண் பார்க்க வந்தபோது, அக்கா எல்லாவற்றையும் அவரே முதலில் சொல்லி முடித்துவிட்டு, அதன் பிறகே அடுப்பங்கரைக்குப் போனார். ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, "கேட்டுட்டு எழுந்து போறவங்களுக்குப் போட்ட காப்பி வேஸ்ட்டா பூடுமே" என்றார். அன்று யாரும் எழுந்து போகவில்லை. அக்குடும்பத்தின் மருமகளாகத்தான் அக்காவின் மகள் இன்று நிறைவாக வாழ்கிறாள்.

தந்தையார் பல காலம் அக்காவிடம் பேசவில்லை. அவர் நோயுற்றுப் படுத்தபின் கஞ்சி ஊட்டியவர் அக்காவே. மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. மற்றவர் ஊட்டினால் தந்தையார் வாயை மூடிக்கொள்வார் என்பது மட்டும் தெரியும்.

தண்டனை முடிந்து தம்பி வெளியே வந்தபோது ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழும்பியிருந்தன. அவனை எந்தக் கம்பெனியும் சேர்க்காது. ஷிப்ட்டுக்குப் போவோர் வண்டி நிறுத்துவதற்காகச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தருகே அக்கா ஒரு ஸ்டாண்டு போட்டு, அவனை அங்கே அமர்த்தினார். மருந்து தவறாமல் உட்கொண்டான். வலிப்பும் அடங்கியது. வண்டி விட வருவோரிடம் அக்கா, "இவன் ஜெயிலுக்குப் போயி வந்தவன், வண்டிய எவனும் தொட மாட்டான், தைரியமா உட்டுட்டுப் போ" என்று சொல்லிச் சிரிப்பார். தம்பி தலையில் அடித்துக்கொள்வான்.

அக்காவின் இறுதி நாட்களில் உதவிய அனைவருக்கும் நன்றி தெரிவிப்பது எங்கள் கடமை. அன்று சாட்சி சொல்ல அக்காவுடன் பேருந்தில் வந்து பக்கத்தில் அமர்ந்த அண்டை வீட்டுப் பெண்மணிகள் இருவருக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட வழக்கறிஞர் ஐயாவின் குடும்பத்தாருக்கும், மருத்துவமனையில் பரிவு காட்டிய செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த ஸ்டாண்டு நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. குவாரியில் உயிரிழந்த இருவரின் குடும்பத்தாரிடம் நாங்கள் எதையும் கேட்கும் தகுதி பெற்றவர்கள் அல்லோம். அக்கா தம் பூசையில் அவ்விருவருக்கும் விளக்கேற்றி வந்தார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

எஞ்சியிருப்பது ஒரு நன்றி. சர்க்கரை நோயினால் அக்காவின் கணுக்காலில் ஆறாத புண் வந்தது. அன்றாடம் அதைக் கழுவி, மருந்திட்டு, வெள்ளைத் துணி சுற்றியவன் தம்பி. வேறு யாரையும் அவன் தொட விடவில்லை. கடைசி வாரத்தில் ஒரு நாள் நாங்கள் எல்லோரும் சுற்றியிருக்க, அவன் கட்டுப் போடும்போது அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"இறுக்காதடா. நான் இன்னா ஓடியா பூடப் போறேன்?"

நாங்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். தம்பிதான் முதலில் சிரித்தான். பிறகு துணியை அவிழ்த்து, காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தளர்த்திச் சுற்றினான்.