மைன்ராட்டின் முகத்தோடு ஒட்டிலி வீட்டு வாசலில்

ஒட்டிலி அக்காவைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. கோயில் துணியெல்லாம் அவள் துவைத்து இஸ்திரி போட்டால்தான் பாதிரியாருக்குத் திருப்தி. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை மூன்று வருஷம் தனியாளாகக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டாள். தம்பி மைன்ராட் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். அவன் என் சிநேகிதன்தான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.

அந்த அப்பா செத்தது ஃபாஸ்நெட் திங்கட்கிழமை காலையில். தவக்காலத்துக்கு முன்னால் ஊரே வேஷம் கட்டித் தெருவில் இறங்கும் நாள். மைன்ராட் தாத்தா காலத்து மர முகமூடியை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் குதித்துக்கொண்டிருந்தான்; முகம் என்றுதான் நாங்கள் அதைச் சொல்லுவோம். அப்பாவுக்கு ஏதாவது என்றால் வேஷக்காரர் சங்கத்துக்குத்தான் போன் வரும்; அந்த அறையில் போனுக்குக் காவல் இருந்தவன் நான், வெண்டலின். நடுவில் ஒரு சிகரெட் பிடிக்க வெளியே போனேன். ஒரே ஒரு சிகரெட்.

அடக்கத்தன்று குழி மேட்டில் நின்று, ஊரே கேட்க, ஒட்டிலி தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள். சங்கத்துக்குப் போன் போட்டேன், ஒருத்தனும் எடுக்கவில்லை, அப்பா உன் பேரைச் சொல்லிச் சொல்லியே செத்தார் என்றாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நான் மைன்ராட்டிடம் போய் சிகரெட் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். "விடுடா" என்றான். அன்றைக்கே சிகரெட்டை விட்டேன். ஆனால் மனசு விட்டதா? பதினோரு வருஷமாக எங்கே போன் மணி அடித்தாலும், யார் வீடாக இருந்தாலும், முதல் ஆளாக ஓடிப்போய் எடுப்பேன்.

இந்த வருஷம் ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மைன்ராட் பனியில் வழுக்கிக் கணுக்காலை ஒடித்துக்கொண்டான். குடும்பத்து முகம் ஒரு வருஷம்கூட வெளியே போகாமல் இருக்கக்கூடாது என்று அதை என்னிடம் கொடுத்தான். முகம், அங்கி, தோளில் போடும் மணிவார், எல்லாம்.

முகத்தை மாட்டிவிட்டால் எங்களுக்கு ஒரு உரிமை உண்டு. யார் முன்னாலும் போய் நிற்கலாம். மேயராக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் நீ, வா, போதான். குரலை மாற்றிக் கீச்சுக் குரலில், அந்த வருஷம் அவர்கள் அசடு வழிந்த கதையை முகத்துக்கு நேராகச் சொல்லலாம். கேட்கிறவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. தெருவில் முகத்தைக் கழற்றுவதும் சொந்தக் குரலில் பேசுவதும் மட்டும் மகா பாவம்.

ஒட்டிலி பற்றி என்னிடம் அருமையான கதை ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு வாத்தை விரட்ட நைட்டியோடு வெளியே வந்தவள், கதவு சாத்திக்கொள்ள, கொடியில் காய்ந்த கோயில் பீடத்துணியைச் சுற்றிக்கொண்டு பாதிரியாரை வரவேற்ற கதை. அவள் வாசலில் நின்று ஏற்ற இறக்கத்தோடு எடுத்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. படியிறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் என் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனே, தம்பி. இன்னைக்கு நின்னுட்டே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாருடைய முகத்தை மாட்டியிருக்கிறேன் என்பதையே மறந்து தொலைத்திருக்கிறேன், மடையன். கையை உதறிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அதற்குள் அவள் மரக்காதருகே வாயை வைத்துவிட்டாள்.

"நான் போன் பண்ணவே இல்லடா. கையில எடுத்தேன். வெளிய உங்க மணிச் சத்தம் கேட்டுச்சு. மூணு வருஷம் நான் பீ மூத்திரம் அள்ளுறேன், நீ ஆடிக்கிட்டுத் திரியுறேன்னு ஆத்திரம். வச்சுட்டேன். அவரு உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தாரு."

என் தலையில் இடி விழுந்தது. அடிப்பாவி! பதினோரு வருஷம் நான் செத்துச் செத்துப் பிழைத்தது அடிக்காத ஒரு மணிக்காகவா? அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். கீச்சுக் குரலில் எதைச் சொல்ல?

"அக்கா, நான் மைன்ராட் இல்ல. வெண்டலின்" என்றேன், என் சொந்தக் குரலில்.

அவள் கை என் கையை விட்டு நழுவியது. தம்பி கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிறான், நீயே போய்ச் சொல், இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றேன். கட்டியிருந்த ஏப்ரனோடு, ஊர்வலத்தைக் குறுக்கே பிளந்துகொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

சந்தைத் தெருவில் மாடி ஜன்னலோரம் மைன்ராட் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தன் முகம் வருவதைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கிளாஸைத் தூக்கிக் காட்டினான். எனக்குக் கை எழவில்லை. அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. ஒட்டிலியின் வாய் அசைவது தெரிந்தது. கொஞ்ச நேரம்தான். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

பிறகு ஜன்னலைத் திறந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முகம் மாட்டியவனைத் தெருவில் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் ஊரில் இதுவரை நடந்ததில்லை.

"வெண்டலின், போன் அடிக்கவே இல்லையாமேடா" என்றான். "விடுடான்னு உங்கிட்ட வாயாலதான் சொன்னேன். ஒரு நாள்கூட உன்னை நான் மன்னிக்கல."