கருவாட்டுத் திடலுக்கு வந்த உத்தரவு

பிள்ளைகளா, உங்கள் அம்மா கருவாடு காயப்போடும் திடலை நம்மிடமிருந்து எடுக்கப் பார்த்தார்கள். அந்த நாட்களில் வீட்டில் நடந்த சண்டைச் சத்தம் மட்டும்தான் உங்கள் காதில் விழுந்திருக்கும். நடந்ததை முழுசாக எழுதிவைக்கிறேன். நான் எட்டாவதோடு வலை பிடிக்கப் போனவன். சட்டம் படித்தவர்கள் எழுதுகிற மாதிரி வராது. நடந்தது நமக்கு என்பதால் நானே எழுதுகிறேன்.

தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்த மணல் சர்க்கார் இடம். யார் பேரிலும் பட்டா இல்லை. நெத்திலியும் காரப்பொடி மீனும் விலை போகாத நாளில் அங்கே காயவைத்துத்தான் நம் தெருப் பெண்கள் அடுப்பெரிக்கிறார்கள். அதில் சுற்றுலாக்காரர்களுக்குக் கார் நிறுத்த இடம் கட்டலாம் என்று ஆபீசில் யாருக்கோ தோன்றிவிட்டது.

ஒரு காலையில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கூடக் கழற்றாமல், கார் பார்க்கிங் வரப்போகிறது, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று பொதுவாகக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் பேசவில்லை.

நம் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியாள் யார் வந்தாலும் முதலில் கோயில் வாசலுக்கு வர வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரை உட்காரவைத்து, அவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போது மற்றவன் குறுக்கே பேசினால் அபராதம். பெண்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. கேட்டதற்கு ஊர் பதில் சொல்லாமல் நின்றால் முடியாது என்று அர்த்தம். பெண் கேட்டு வருகிறவர்கள் கூட அதைப் புரிந்துகொண்டு தட்டைத் திரும்ப எடுத்துப் போவார்கள். அதனால் அன்றைக்குப் பஞ்சாயத்துத் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, "கேட்ட கேள்வி காத்துல போயிடுச்சு, வாங்கடா" என்று எங்களைக் கூட்டிப்போனார். நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்து வலை பிரிக்கப் போனோம்.

மழைக்கு முன்னால் உத்தரவு ஒட்டினார்கள். நேரில் விசாரித்ததில் ஆட்சேபனை ஏதும் இல்லை என்று அதில் இருந்தது. அடியில், துணைநிலை ஆளுநரின் ஆணைப்படி என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் தலைவரே தோள் துண்டை இறக்கிவிட்டார். அவ்வளவு பெரியவர் நம் மணலை நினைத்து உட்கார்ந்து எழுதினாரா, இனி இன்னா பேச முடியும் என்றார். பெரிய வஞ்சிரம் ஒன்றும் சால்வையும் எடுத்துக்கொண்டு போய் அதிகாரி காலில் விழலாம் என்று முடிவானது.

உங்கள் அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. வஞ்சிரத்தைக் குழம்பு வை, சால்வையை நீயே போத்திக்க என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். வில்லியனூரில் அவளிடம் வாடிக்கையாகக் கருவாடு வாங்கும் வக்கீலம்மா ஒருவர் உண்டு. மறுநாள் கூடையோடு என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

வக்கீலம்மா உத்தரவைப் படித்துவிட்டுச் சிரித்தார். இன்னும் ராஜா இருக்கிற நாடுகள் உண்டாம். அங்கே சட்டம், உத்தரவு எல்லாம் ராஜா பேரில்தான் போகும். ஆனால் ராஜா தன் இஷ்டத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்த மந்திரிகள் சொல்வதில் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். அப்படிப் போன உத்தரவு தப்பாக இருந்தால் அந்த ஊர்க் கோர்ட்டே அதைக் கிழித்துப் போடுமாம். அப்படிப்பட்ட ஒரு நாட்டுப் பழக்கத்திலிருந்துதான் நம்மிடமும் இந்த வரி வந்தது. பெரியவர் பேர் எல்லா உத்தரவிலும் இருக்கும், முடிவெடுத்தது கீழே இருக்கிற ஆள் என்றார்.

"அண்ணே, பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. உங்க பொழப்புல கை வைக்கிறவன், அது சர்க்கார் இடமாவே இருந்தாலும், முன்னாடியே தெரியப்படுத்தி, உங்க பேச்சைக் கேட்டு, காரணம் எழுதணும். அதை ராஜாவே மீற முடியாது."

சர்க்கார் தேர்தலில் கொம்யூன் பஞ்சாயத்துக்கு நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மெம்பர் என்று ஒருவர் இருந்திருந்தால் இதை அவரே கேட்டிருப்பார். அந்தத் தேர்தல் நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நீங்கள் அப்படி ஒரு மெம்பரைப் பார்த்ததே இல்லை. ஆகவே நாங்களே கேட்க வேண்டியதாயிற்று.

வக்கீலம்மா சொன்னதைக் கேட்டுத் தலைவர் மனுவுக்கு ஒத்துக்கொண்டார், எழுதும்போது இன்னொரு சண்டை. தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்று ஆரம்பிக்கச் சொன்னார் தலைவர். நான் தாழ்மையை அடித்துவிட்டேன். கருணை கூர்ந்து என்பதையும் அடித்தேன். எல்லாத்தையும் அடிச்சிட்டா மனுல இன்னாடா இருக்கும் என்றார். எங்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு செல்லாது, கேளுங்கள் என்பது மட்டும் இருக்கும் என்றேன். ஊரைத் தாண்டிப் போகிறவன் ஊர் நல்லது கெட்டதுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். நானும் உங்கள் அம்மாவும், திடலில் காயவைக்கும் பெண்களும் போட்டோம்.

ஆபீசில் அதே அதிகாரி. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தூக்கம் கெட்ட சாதாரண ஆள். நான் வந்து கேட்டேனே, ஒருத்தரும் வாய் திறக்கலையே என்றார்.

"எங்க கரையில வாய் திறக்கலைன்னா முடியாதுன்னு அர்த்தம் சார்."

"இது ஆபீஸ்பா. இங்க சும்மா நின்னா சம்மதம்."

உங்கள் அம்மா கூடையை அவர் மேஜை ஓரத்தில் வைத்தாள். "அப்ப ஆபீஸ் மாதிரியே கேளுங்க. நோட்டீஸ் குடுங்க, நாள் சொல்லுங்க, பேசறதை எழுதிக்குங்க. ஜீப்புல வந்து காத்தைக் கேட்டுட்டு ஊரைக் கேட்டேன்னு எழுதக் கூடாது."

அவர் மூக்கைச் சுளித்துக் கூடையைப் பார்த்தார். எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார். கேளுங்க, கேட்காட்டி கோர்ட்டுல கேட்டுக்கறோம் என்று சொல்லி, மனு வாங்கியதற்குச் சீல் வைத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

நோட்டீஸ் வந்தது. கோயில் வாசலில் பெஞ்சு போட்டு, எழுத ஒரு ஆளோடு வந்து உட்கார்ந்தார் அதிகாரி. பக்கத்தில் தலைவர், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. ஊர் பேசும், மற்றவர்கள் நிற்கலாம் என்று அவர் ஆரம்பிக்கும்போதே உங்கள் அம்மா கூட்டத்துக்கு நடுவில் வந்துவிட்டாள். பின்னால் மற்ற பெண்கள். பொம்பளைங்க கூட்டத்துல பேசினா அபராதம் என்றார் தலைவர்.

"போடுங்க. கருவாடு வித்துக் கட்டறோம். திடலே போயிட்டா அபராதமும் உங்களுக்குக் கிடைக்காது."

ஆம்பளைகள் பக்கம் யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டான். தலைவர் அவனைத் திரும்பிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: உப்பு போட்ட மீன் எந்தக் காற்றில் காயும், வீட்டு மாடியில் போட்டால் ஏன் புழு வைக்கும், திடல் இல்லாவிட்டால் மிச்ச மீனை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான் என்று. எழுதுகிறவருக்குக் கை வலித்தது. மெதுவா எழுதுங்க சார், நாங்க எங்கயும் போவலை என்றாள் ஒருத்தி. கடைசியில் தலைவரும் எழுந்து, ஊருக்கும் ஆட்சேபனை உண்டு, எழுதிக்குங்க என்றார்.

பழைய உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். புது முடிவு இன்னும் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நமக்கு எதிராகவும் வரலாம். வந்தால், அந்தப் பெண்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, காரணம் காட்டி வர வேண்டும். காரணம் இல்லாமல் வந்தால் கோர்ட்டுக்குப் போவேன். காரணத்தோடு வந்தால், அந்தக் காரணம் சரியா என்று கேட்கவும் கோர்ட்டுக்குப் போவேன். படகை அடகு வைக்க வேண்டியிருந்தாலும் போவேன், உங்கள் அம்மாவிடம் சொல்லியாயிற்று. அவள் இன்று காலையிலேயே நெத்திலியைத் திடலில் பரப்பிவிட்டுக் காக்கை விரட்டிக்கொண்டிருக்கிறாள்.