இடது சக்கரத்துக் காலிப்பர்

அவள் பல் செட் செய்பவள். முன்னறைச் சன்னலோரம் மேசை போட்டு, மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பார்த்து இல்லாத பற்களை உண்டாக்குவாள். தெருவுக்கே அவள் பல்லக்கா. கை வேலையில் இருக்கும்போது மனம் எங்காவது மிதந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

வீட்டில் அவள், நூலகத்தில் வேலை பார்க்கும் கணவன், அவனுடைய அக்கா என்று மூன்றே பேர். அந்த நாத்தனார் தொலைபேசி நிலையத்தில் ஊர்ப் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஆனால் அவருக்கும் பல்லக்காவுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். உப்பு தூக்கல் என்று அக்கா தம்பியைப் பார்த்துச் சொல்வார். மறுநாள் உப்பு குறைந்திருக்கும். நடுவில் இருந்தவனுக்கு வாயைத் திறக்கும் வேலைகூட இருக்கவில்லை.

காரணம் கார். நாத்தனார் இளம் வயதில் வாங்கிய, இளம்பச்சை நிறப் பழைய கார். ஒருநாள் இருவரும் கடைத்தெருச் சரிவில் இறங்கும்போது நாத்தனார் பிரேக்கை மிதித்தார். வண்டி வலது பக்கம் வெட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு தையல் கடைச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. கூட்டம் கூடிவிட்டது. வண்டி தானாக இழுத்தது என்று நாத்தனார் சொன்னார். பல்லக்காவுக்குப் பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "ஆடத் தெரியாதவ தரை கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்தது. நாத்தனார் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டினார். பேச்சையும் அதோடு மாட்டிவிட்டார்.

இந்த மழைக்குக் கொட்டகை ஒழுகியது. கூரை மாற்ற வந்தவர்கள் காரை வெளியே தள்ளச் சொன்னார்கள். முன்சக்கரங்கள் அசையவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றான் கணவன். தானே பிரித்துப் பார்ப்பதாகச் சொன்னாள் பல்லக்கா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. வேலைக்காரர்கள் அதுவரை கூரைமேல் நீலத் தார்ப்பாயை விரித்துக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தார்ப்பாய் வழியே இறங்கிய வெளிச்சத்தில் கொட்டகை ஒரு குளத்தின் அடி மாதிரி இருந்தது. காரை உயர்த்தி முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, அவள் அந்த நீலத்துக்குள் உட்கார்ந்தாள். சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்துகிற காலிப்பர்கள் இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை பெய்ததா நின்றதா என்று தெரியவில்லை. துருவைச் சுரண்டச் சுரண்ட இரும்பு மெல்ல விழித்துக்கொண்டது. பிரேக்கை மிதித்தால் உள்ளிருந்து தள்ளும் பிஸ்டன் வெளியே வந்தால்தான் பழைய ரப்பர் சீல் வளையத்தை மாற்ற முடியும். வலது பக்கத்தது காற்றுப் பம்பை மிதித்ததும் பொளக்கென்று மரக்கட்டையில் வந்து விழுந்தது. இடது பக்கத்தது அசைய மறுத்தது. எண்ணெயில் ஊறப் போட்டாள். தட்டினாள். கடைசியில் பக்கத்துப் பட்டறையில் கிரீஸ் பம்பு வாங்கி வந்து அழுத்தினாள். பிஸ்டன் குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரி மெதுவாக, மெதுவாக எட்டிப் பார்த்தது.

கையில் எடுத்துத் துடைத்தாள். சுற்றிலும் சொத்தை. ஆறு வருடத் துரு மட்டுமல்ல. அதற்கு அடியில், கறுத்து ஆழமாக, பல காலத்துக் குழிகள். அப்படியானால் அன்று இந்தப் பிஸ்டன் நகரவே இல்லை. வலது சக்கரம் மட்டும் பிடித்திருக்கிறது. பிடித்த பக்கம்தான் வண்டி இழுக்கும். கணவன் சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

புதுப் பிஸ்டன்களும் சீல்களும் வந்தன. சீல் வளையத்தைப் பிரேக் ஆயிலில் நனைத்து, விரலால் பள்ளத்தில் உட்கார வைத்து, பிஸ்டனைக் கோணாமல் உள்ளே அழுத்தினாள். காலிப்பர்களை வண்டியில் மாட்டினாள். இனி பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே காலிப்பரில் உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். கணவன் நூலகத்துக்குப் போயிருந்தான்.

அவள் பழைய பிஸ்டனை எடுத்துக்கொண்டு நாத்தனாரின் அறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பல. இது நகராமதான் வண்டி இழுத்திருக்கு. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

நாத்தனார் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "நான் திருப்பலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்கு எப்பத் தெரியும்னுதான் உக்காந்திருந்தேன்."

பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்ன செய்யணும் என்று கேட்டார்.

மிதிக்கச் சொன்னாள். "மிதிச்சாச்சு." பிடிக்கச் சொன்னாள். "பிடிச்சாச்சு." ஆயில் வந்தது, குமிழி வந்தது, மறுபடி ஆயில். பெடல் மட்டும் பஞ்சு மாதிரியே அமுங்கியது. மதியம் வரை மிதித்தார்கள். இடையிடையே, தொலைபேசி நிலையத்தில் இருந்தபோது எத்தனையோ காதல் சண்டைகளைப் பாதியில் கேட்டுவிட்டு முடிவு தெரியாமல் தவித்ததாக நாத்தனார் சொன்னார். பல்லக்கா தரையில் படுத்துச் சிரித்தாள்.

கால் வலித்து இறங்கி வந்த நாத்தனார், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"காத்து மேலதானே போகும்? இந்தத் திருகு ஏன் கீழ இருக்கு?"

பல்லக்கா எட்டிப் பார்த்தாள். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தாள். காற்று மேலே சுகமாகத் தங்கியிருக்க, இவர்கள் அரை நாளாகக் கீழே கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேல் பல்லைக் கீழ மாட்டிட்டியா?" என்றார் நாத்தனார்.

மாற்றி மாட்டி மிதித்தபோது குமிழிகள் பொலபொலவென்று வந்து தீர்ந்தன. பெடல் கல் மாதிரி நின்றது. அடுத்த தெருவில் பேட்டரி வாங்கி மாட்டி, பெட்ரோலை மாற்றி ஊற்ற, பலமுறை இருமிவிட்டு எஞ்சின் ஓடியது. ஆளில்லாத சந்தில் மெல்ல ஓட்டி, நிறுத்தி, ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

அன்று சாயங்காலம் நாத்தனார் ஏரிக்கரைச் சாலையில் ஓட்டினார். மழை விட்ட தண்ணீரிலிருந்து பனிப்புகை எழுந்து சாலையை மூடியிருந்தது. சக்கரம் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. ஓரிடத்தில் வாத்துகள் வரிசையாகக் குறுக்கே வந்தன. நாத்தனார் மிதித்தார். வண்டி சத்தமில்லாமல் நின்றது. கடைசி வாத்து நடுச் சாலையில் நின்று இறகைக் கோதத் தொடங்கியது. இருவருக்கும் அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.