வாத்துக்காரருக்குக் கொடுத்த வயல்

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சட்டக் கல்லூரி வகுப்பில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வயதில் நான் ஒன்று செய்திருக்கிறேன். முன்மொழிவு, ஏற்பு, பதிலுக்குக் கிடைக்கும் மறுபயன் எல்லாம் கச்சிதமாக இருந்தன. வயதுதான் இல்லை. வயலும் என்னுடையது இல்லை.

அப்போது அப்பா சிங்கப்பூரில் வெல்டர். முத்துப்பேட்டை சாலையோரத்து ஆறு மா நிலத்தை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். சம்பா அறுவடை முடிந்த வாரம், பள்ளி வேனை விட்டு இறங்கினால் சாலை முழுக்க வாத்துகள். அறுத்த வயலில் சிந்திய நெல்லை மேயவிட இடம் தேடி வந்த வாத்துக்காரர், "இது யார் வயலு பாப்பா?" என்றார்.

"எங்களுதுதான். நாளைக்குக் காலைல விட்டுக்கங்க. எனக்கு ஒரு குஞ்சு தரணும்."

"வீட்ல கேக்க வேணாமா?"

"அப்பா சிங்கப்பூர்ல. அம்மாவுக்கு நான் சொன்னா சரி."

கூடைக்குள் கைவிட்டு மஞ்சளாய் ஒன்றை எடுத்துத் தந்தார். அம்மாவிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அதை மாட்டுக் கொட்டகையில் ஒளித்துவைத்தேன்.

நான் சொல்வதற்குள் வாத்துகள் வந்துவிட்டன. அம்மா வரப்பில் ஓடினாள். "நிறுத்துங்க! உளுந்து முளைச்சிருக்கு!"

அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அறுத்த நெல்தாள் மட்டும்தான் என்று நான் நினைத்த வயலில் அடுத்த வெள்ளாமை இரண்டு இலை விட்டிருந்தது.

வாத்துக்காரர் கழியைக் குறுக்கே நீட்டி அத்தனையையும் நிறுத்தினார். "பாப்பா சொன்னதை நம்பி, வேற வயல வேணாம்னுட்டு வந்தேங்க. நேத்து சாயங்காலத்துலேருந்து இதுங்க வெறும் வயிறு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "வயல எழுதிக் குடுத்தீங்களோ, பெரிய ஜமீன்தாரம்மா?"

குஞ்சைக் கொண்டுவந்து நீட்டினேன். "வச்சுக்க பாப்பா. குடுத்தது குடுத்ததுதான்" என்று அவர் வாங்க மறுத்துவிட்டார்.

'சின்னப்புள்ள பேச்சை நம்புனது உங்க தப்பு' என்று சொல்லியிருந்தால் சட்டம் முழுக்க அம்மா பக்கம்தான். அவளோ, "இங்கயே நில்லுங்க, வந்துடறேன்" என்று பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அந்த வீட்டோடு பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மட்டும் அந்த வருடம் உளுந்து தெளிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவே வந்து, "இப்படி ஓட்டுங்க" என்று தன் வயலைக் காட்டினார். வாத்துகள் இறங்கிய வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. என் வாக்கை நான் காப்பாற்றவில்லை. எனக்காக அவர்கள் காப்பாற்றினார்கள். ஒப்பந்தம் பற்றிய பாடத்தை எப்போது புரட்டினாலும் அம்மா, பெரியப்பா, வாத்துக்காரர் மூவருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

அன்று அப்படியொன்றும் தோன்றவில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டதென்று கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிவந்த அம்மா என்னை உட்காரவைத்துச் சடை பின்னினாள். கண் பெரியப்பா வீட்டுப் பக்கமே போனதில் பின்னல் கோணிக்கொண்டது. அவிழ்த்து மறுபடி போடச் சொல்லி அடம்பிடித்தேன்.