டெல்லா சொல்லாமல் விட்டது

டெல்லா குசேரா அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பன்றி வளர்க்கிற வீட்டுப் பெண். அப்பாவின் கொட்டகைக்குப் பின்னால், உழவு இயந்திரத்திலிருந்து கழன்ற இரும்புத் தட்டை எறிந்து பழகியவள். கல்லூரியில் சேர்ந்து வட்டு எறிந்தாள். நாலு வருடமும் இரண்டாவதாகவே வந்தாள். முதலில் வந்தவள் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜானெல் ரைமர்ஸ். ஜானெல் கெட்டவளாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெயித்துவிட்டு வந்து, "இன்னிக்குக் காத்து உன் பக்கம் இல்லடி" என்று ஆறுதல் சொல்வாள்.

படிப்பு முடிந்ததும் ஜானெல் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டாள். டெல்லா அதே சின்னக் கல்லூரியில் துணை கோச் ஆனாள். பதினாறு வருடம் வேன் ஓட்டினாள், கிழிந்த வலையைத் தைத்தாள், மார்ச் மாதப் பனியை எறிவட்டத்திலிருந்து சுரண்டினாள். தலைமை கோச் ஓய்வு பெற்றபோது அந்த இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது ஜானெல்.

"நீ இங்க இருக்கேன்னுதான் வந்தேன் டெல்லா" என்றாள் ஜானெல், முதல் நாளே. டெல்லா சிரித்து வைத்தாள்.

அந்த வருடம் டெல்லாவிடம் பிரிட்டா என்றொரு பெண் இருந்தாள். ஒரு குக்கிராமத்துப் பள்ளியில் டெல்லாவே கண்டுபிடித்து அழைத்து வந்தவள். இரண்டு வருடமாக டெல்லாவிடமே பயிற்சி பெற்றவள். ஒரு மதியம் அந்தப் பக்கமாகப் போன ஜானெல் நின்று, "இடுப்பை முதல்ல திருப்பு, கை தானா வரும்" என்றாள். வட்டு இரண்டு மீட்டர் கூடுதலாகப் போய் விழுந்தது.

"பாத்தீங்களா கோச்? ஜானெல் கோச் சொன்ன மாதிரி செஞ்சேன்."

"பாத்தேன்" என்றாள் டெல்லா.

இன்னொன்றையும் பார்த்தாள். வேகம் கூடியதால் எறிந்த பிறகு பிரிட்டாவால் நிற்க முடியவில்லை. பாதம் வட்டத்தின் விளிம்பை மிதித்தது; போட்டியில் அப்படி மிதித்தால் எறி செல்லாது. பயிற்சியில் அதை யாரும் கவனிக்கவில்லை. எறிந்ததும் காலை மாற்றி உடம்பைத் தாழ்த்தினால் போதும். ஒரு வார்த்தை. அதை இரண்டு வாரமாக டெல்லா வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

கல்லூரிகளுக்கிடையிலான வட்டாரப் போட்டியில் பிரிட்டாவின் முதல் எறிக்குச் சிவப்புக் கொடி. இரண்டாவதற்கும். அவள் வேலியருகே ஓடி வந்தாள்.

"என்ன தப்பு பண்றேன் கோச்?"

"ஜானெல் கோச்சைக் கேளேன்."

"அவங்க அந்தக் கோடியில ரிலே பசங்களோட இருக்காங்க."

"அப்ப அவங்க சொன்னபடியே செய்."

மூன்றாவதும் சிவப்பு. போட்டியிலிருந்து வெளியேறிய பிரிட்டா டெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் உங்க பேச்சை மட்டுமே கேட்டிருக்கணும்."

மாதக்கணக்கில் டெல்லா ஏங்கியது இந்தப் பேச்சுக்குத்தான். காதில் விழுந்ததும் அவள் பிரிட்டாவின் கைகளை மெல்ல விலக்கினாள்.

திங்கட்கிழமை பிரிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்படியே ஜானெலின் அறைக்குப் போய் அங்கேயும் சொன்னாள்.

"பிரிட்டா என்ன சொன்னா?" என்று கேட்டாள் ஜானெல்.

"தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

"என் மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாமே."

"திட்டுறதுக்கு நீ எப்ப காரணம் குடுத்த?"

ஜானெல் பயிற்சி அட்டவணையை எடுத்து, பிரிட்டாவின் பெயரைத் தன் பக்கம் மாற்றி எழுதினாள். பிறகு, "பிரிட்டாவை இனி நான் பாத்துக்கறேன். நீ குண்டு எறியறவங்களைப் பாரு" என்றாள். மேலிடத்துக்கு எழுதவில்லை, வேலையை விட்டுத் தூக்கவுமில்லை. அந்தப் பெருந்தன்மையும் டெல்லாவைச் சுட்டது.

அடுத்த வசந்தத்தில் பிரிட்டா ஜெயித்தாள். டெல்லா வேலிக்கு வெளியே நின்று கை தட்டினாள், மனசாரத்தான். பிரிட்டா நேராக ஓடி ஜானெலைக் கட்டிக்கொண்டாள். டெல்லா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய குண்டு எறிகிற பெண்களின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், போனாள்.