சான் ரோக்கேயின் நாய் எந்தப் பங்கு?

என் மாமியார் எதெல்மிரா வாழ்க்கையில் வகித்த பதவி ஒன்றே ஒன்றுதான்: நாய்ப் பொறுப்பு. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் அதற்குப் பங்குப் பேரவைத் தலைவர் பதவியைவிட மவுசு அதிகம்.

கோயிலில் நிற்கும் சான் ரோக்கே சுரூபத்தின் காலடியில் ஒரு மர நாய் உண்டு. கொள்ளைநோய் கண்டு புனிதர் காட்டில் கிடந்தபோது ரொட்டி கவ்விக்கொண்டு வந்ததே, அந்த நாய். மாமியாரின் தாத்தா காலத்தில் அது கழன்று விழுந்தது. ஒட்டித் தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப்போன தாத்தா திருப்பித் தரவே இல்லை. அன்றிலிருந்து நாய் எங்கள் வீட்டுக் கூடத்தில், வாசல் கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆகஸ்ட் திருவிழாவன்று மட்டும் மாமியார் அதற்கு எண்ணெய் பூசி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு பவனிக்கு முன்னால் நடப்பார். பின்னால் சப்பரத்தில் புனிதர், அதற்கும் பின்னால் பங்குச்சாமி, வந்தால் ஆயர். "ஆயரே ஆனாலும் என் முதுகப் பாத்துக்கிட்டுத்தான் வரணும்" என்பார்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆயருக்குக் கீழே பங்குச்சாமி, பங்குச்சாமிக்குக் கீழே பள்ளி, பள்ளிக்குக் கீழே நான். வீட்டிலோ மாமியாருக்குக் கீழே நாய், நாய்க்குக் கீழே நான். எந்தப் பக்கம் பார்த்தாலும் என் இடம் தெளிவாகவே இருந்தது.

ஊர் பெருத்துவிட்டது, பங்குச்சாமி ஊபால்தோ ஒருவரால் எல்லாப் பூசையும் வைக்க முடியவில்லை என்று ஆயர் பங்கை, அதாவது கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியை, இரண்டாகப் பிரித்தார். கிழக்கே சாந்தா ரீத்தா என்று புதுப் பங்கு. எல்லை? பழைய ஓடை. நகரத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டவர்களுக்கு, ஓடை எப்போதோ வற்றிப்போனதும் அதன் மேலேயே மாமியாரின் தாத்தா வீடு கட்டியதும் எப்படித் தெரியும்? கோடு எங்கள் வீட்டுக்குள் புகுந்து வெளியேறியது. கூடம் சான் ரோக்கே. அடுப்படியும் அதை ஒட்டிய தாழ்வாரமும் பின்சந்தும் சாந்தா ரீத்தா. காப்பி ஒரு பங்கில் கொதித்து இன்னொரு பங்கில் ஆறியது.

பேரவைத் தலைவி நூரிஸுக்கு வெகுநாளாக நாய்மேல் ஒரு கண். அடுத்த கூட்டத்திலேயே எழுந்துவிட்டாள்.

"ஒரு பங்குல பொறுப்பு வகிக்கணும்னா அந்தப் பங்கு ஆளா இருக்கணும், சாமி. எதெல்மிரா அக்கா எந்தப் பங்குன்னு முடிவாகட்டும். அதுவரைக்கும் நாய் எங்க வீட்ல இருக்கட்டுமே."

"உன் வீட்லயா?" என்றார் மாமியார். "உசுரோட இருக்குற நாயே உன் வீட்ல தங்க மாட்டேங்குது!"

ஊபால்தோ சாமி நல்லவர்தான். இந்த இரண்டு பேருக்கு நடுவே தலையைக் கொடுக்கும் அளவுக்கு நல்லவரில்லை. ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டார். அங்கே சட்டம் பார்க்கும் பெரிய சாமி அரிஸ்தீதெஸ், யார் எங்கே தூங்குகிறாரோ அதுதான் அவர் பங்கு, நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன் என்றார்.

மாமியார் தூங்குவது அடுப்படித் தாழ்வாரத்தில், வலைத்தூளியில். வீட்டில் காற்று வருவது அங்கே மட்டும்தான்.

"மாப்ளே, கூடத்துல ரெண்டு கொக்கி அடிங்க."

"அத்தே, கூடம் அடுப்பு மாதிரி கொதிக்கும். உங்களால அங்க தூங்க முடியாது."

"யாரு தூங்கப்போறா? படுக்கத்தானே போறேன்."

கூடத்தில்தான் நானும் என் மனைவியும் படுப்பது. இனி மாமியாரும், நாயும். கல்யாணமான புதிதாக இருந்திருந்தால் நான் அன்றே சாந்தா ரீத்தாவுக்குக் குடிபோயிருப்பேன்.

இரவெல்லாம் புரண்டவர் பகலில் காப்பிக்கு உப்புப் போட்டார். மத்தியானம் ஆனால் தாழ்வாரத்துத் தூளியில் விழுந்து அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். குறட்டை பின்சந்து வரைக்கும் கேட்டது. நூரிஸுக்குக் கேட்காமல் இருக்குமா? பெரிய சாமி வந்தபோது அவள் சரியாக மத்தியானம் பார்த்து, சரியாகப் பின்கதவு வழியாக அழைத்து வந்தாள். நான் இருமினேன். ஒரு பானையைத் தள்ளிக்கூடப் பார்த்தேன். மாமியார் வாய் பிளந்து கிடந்தார்.

"கேட்டுக்குங்க சாமி! சாந்தா ரீத்தாவுல குறட்டை விடறாங்க!"

"மத்தியானத் தூக்கம் சட்டத்துல சேருமா சாமி?" என்றேன், வேலை போனாலும் போகட்டும் என்று.

பெரிய சாமி கூடத்துக்குப் போய் அங்கிருந்த தூளியில் உட்கார்ந்து பார்த்தார். கழுத்தெல்லாம் வியர்வை வழிந்தது. "இதுல மனுஷன் தூங்க முடியாதே" என்றார். சத்தத்தில் எழுந்து வந்த மாமியாரிடம் கேட்டார்: "மறைக்காம சொல்லுங்கம்மா. எங்க தூங்குறீங்க?"

வயதைக் கேட்டால் யாரிடமும் கூசாமல் பத்து வருடம் குறைப்பவர் என் மாமியார். அன்று நாயைப் பார்த்தார், பொய் வரவில்லை.

"தாழ்வாரத்துலதான் சாமி." கண் நிறைந்துவிட்டது. "எங்கப்பா போனதுலேர்ந்து அத நான்தான் தூக்குறேன். ஊருக்குள்ள எனக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான்."

நூரிஸ் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நாயை நோக்கி நடந்தாள்.

"நில்லுடி!" மாமியாரின் குரல் திரும்பிவிட்டது. "சாமி, நான் சாந்தா ரீத்தாதான், ஒத்துக்கறேன். நாய் எங்க தூங்குது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நாய் கூடத்தில், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"தூங்குற இடந்தான் பங்குன்னா அது சான் ரோக்கே பங்கு நாய். அத எதுக்கு வீடு மாத்தணும்?"

பெரிய சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முட்டை வைத்துப் பொரித்த சோள அடை நான்கு சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: நாய் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் பவனியில் தூக்குவது சான் ரோக்கே பங்கு ஆளாக இருக்கவேண்டும். இந்த வீட்டில் கூடத்தில் தூங்குபவர் யாரோ, அவர். விரல் என் பக்கம் நீண்டது.

"இவரா!" என்றார்கள் நூரிஸும் மாமியாரும் ஒரே குரலில். வாழ்நாளில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒருமுறைதான்.

திருவிழாவுக்கு ஆயரே வந்தார், கூடவே பெரிய சாமியும். நாயை நான் தூக்கினேன். பிணக் கனம் கனத்தது. மாமியார் நல்ல கவுன் போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தார். "தலைய நிமித்திப் பிடிங்க மாப்ளே. ரிப்பன் சரியுது மாப்ளே." ஆனால் வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடிப்பதும் தொங்கவிடுவதுமாக வந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீட்டு மூலையில் பவனி எப்போதும்போல் பின்சந்துக்குள் திரும்பியது. நான் நின்றுவிட்டேன்.

"அத்தே, இது எந்தப் பங்கு?"

மாமியார் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாயை அவர் கையில் வைத்தேன்.

"சாமி! தீர்ப்பு!" என்று கத்தினாள் நூரிஸ்.

"நான் சொன்னது சான் ரோக்கே பங்குக்கும்மா" என்றார் பெரிய சாமி. "இது அடுத்த பங்கு."

சந்து எங்கள் அடுப்படிச் சுவரின் நீளம்தான். மாமியார் அதை நடந்தார் பாருங்கள்! ஓரடி வைப்பார், நின்று ரிப்பனைச் சரிசெய்வார், அடுத்த அடி. வாத்தியக்காரர்கள் பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். சப்பரம் தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள். ஆயர் வெயிலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, ஆயர் காத்துக்கிட்டிருக்கார்" என்றேன் மெதுவாக.

"கோடு போட்டது அவருதானே, மாப்ளே? நிக்கட்டும்."