போஸ்டர் இல்லாத டீச்சர்

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்து மதிலில் ஒரே பெண்பிள்ளையின் முகம் மூன்று போஸ்டர்களில் இருந்தது. மூன்றும் டியூஷன் கொடுக்கிற மூன்று கணித மாஸ்டர்களுடையவை. ஒன்றில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றாள். இன்னொன்றில் பஞ்சாபி போட்டிருந்தாள். மூன்றாவதில் அதே சீருடைப் படத்தையே இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். தலைவகிடு மற்றப் பக்கம் போயிருந்தது. மூன்றிலும் பெயர் தனுஷியா, பெறுபேறு ஒன்பது ஏ. ஒரு பிள்ளை ஒரு பாடத்தை மூன்று பேரிடம் எப்படிப் படித்திருப்பாள்? யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று பேருமே சொல்லலாம்.

நான் கொழும்பில் காலி வீதியில் ஒரு சாரிக் கடையில் வேலை செய்கிறேன். சேலையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். மாஸ்டரை மட்டும் போஸ்டரைப் பார்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

மாஸ்டர் தேவைப்பட்டது என் தம்பி சுகிர்தனுக்கு. வயது முப்பத்தொன்று. ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்ட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் நாங்கள் வன்னியில் இடம் இடமாக ஓடிக்கொண்டிருந்தோம். கொழும்புக்கு வந்த பிறகு வேலை செய்துகொண்டே வெளிவாரியாக எழுதி, மற்றப் பாடங்களை எல்லாம் எடுத்துவிட்டான். கணிதம் மட்டும் இரண்டு தரம் போய்விட்டது. அதைப் பற்றி அவன் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. ஆனால் போன வருடம் யார்ட் மனேஜர் யோகநாதன் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்:

"சூப்பர்வைசர் அடுத்த வருசம் பென்சனில போறார். வேலை தெரிஞ்ச ஆள் நீதான். ஆனா கணிதம் பாஸ் இல்லாம மேல அனுப்ப ஏலாது. இந்த முறை எடு. இல்லாட்டி வெளியில இருந்துதான் ஆள் எடுப்பினம்."

அதனால் இந்த முறை தவறக்கூடாது.

முதலில் மூன்று போஸ்டரிலும் பெரியதை ஒட்டியிருந்த மாஸ்டரிடம் போனோம். நாங்கள் இருக்கிற கோட்டாஞ்சேனையில் இருந்து ஞாயிறு காலை பஸ் பிடித்துப் போய் இறங்கினால், மாடியில் ஒரு பெரிய மண்டபம். வாசலில் பெயர் பதிகிற பொடியன் தம்பியைப் பார்த்துக் கேட்டான்.

"மகனுக்கா, மகளுக்கா?"

"தம்பிக்கு" என்றேன் நான்.

"தம்பி எத்தினையாம் ஆண்டு? கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

"இந்தா நிக்கிறார்."

அவன் தம்பியின் மீசையைப் பார்த்தான். பிறகு பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, "ஏ எடுக்கலாம் அண்ணை. சேர் கியாரண்டி குடுப்பார்" என்றான். பாடத்தில் பெயில் விட்டது எந்தப் பகுதியில் என்று கேட்கவில்லை. எனக்கு அங்கேயே பிடிக்காமல் போனது.

தம்பி ஒரு வகுப்புக்கு இருந்தான். பின்வாங்கில் இடம் கிடைத்ததாம். மாஸ்டர் ஒலிபெருக்கியில் படிப்பித்தாராம். பாடத்தின் நடுவில் ஒரு பிள்ளை திரும்பி, "அங்கிள், ஃபேனை கொஞ்சம் கூட்டி விடுங்கோ" என்று கேட்டதாம். இவன் எழும்பிக் கூட்டிவிட்டு வந்து இருந்தானாம்.

"கூட்டினது பிழையில்லை அக்கா. அதுக்குப் பிறகு எல்லாரும் குறைக்கச் சொல்லிச்சினம்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகச் சப்பாத்தை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் அந்த மூன்று போஸ்டர் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கேட்பது என்று முடிவு செய்தேன். அது கஷ்டமாக இருக்கவில்லை. கடைக்கு வருகிற தாய்மாரிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டிக் கேட்டேன். நாலாவது ஆள், "இது எங்கட ஃபிளாட்டில மேல் வீட்டுப் பிள்ளையல்லோ" என்றார்.

கடலோரத்து ஒழுங்கை ஒன்றில் வீடு. தாய் கதவைப் பாதி திறந்து, நான் யார், எந்தக் கடை, யார் அனுப்பியது என்று எல்லாம் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார். எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

தனுஷியா வந்து இருந்தாள். "மூண்டு பேரிட்டயும் போனதுதான் அன்ரி" என்றாள். "ஒருத்தரிட்ட வகுப்பு. ஒருத்தரிட்ட கடைசி மாசச் செமினார். மற்றவரிட்ட ஒரே ஒரு நாள். ஃபிரெண்டுக்குத் துணைக்குப் போனனான்."

"அப்ப படம்?"

"ரிசல்ட்ஸ் வந்த அண்டைக்கு மூண்டு பேரும் அம்மாக்குப் போன் எடுத்துக் கேட்டவை."

"கேட்டா எப்பிடி மாட்டன் எண்டுறது?" என்றார் தாய். "படிப்பிச்சவை தானே."

"உண்மையா உனக்குக் கணிதம் விளங்கப்பண்ணினது ஆர்?" என்று கேட்டேன்.

பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினார். "கீழ் வீட்டு ரிஸ்லா அக்கா" என்றாள்.

நல்ல டீச்சரை மூன்று மாஸ்டர்களுக்கும் பின்னால் ஏன் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. படியிறங்கிக் கீழ் வீட்டு மணியை அடிக்கும்போதும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ரிஸ்லாவுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். என் தம்பியைவிட இவ்வளவு சின்னப் பிள்ளை. போஸ்டரும் இல்லை, போர்டும் இல்லை. அவளுடைய தாய் நளீபா என்னை இருக்கச் சொல்லி, முதலிலேயே கதையை வெட்டினார்.

"மகள் ஆம்பிளையாக்களுக்குப் படிச்சுக் குடுக்கிறல்ல. சின்னப் புள்ளையளுக்கு மட்டுந்தான்."

"நானும் கூட வந்து இருப்பன்" என்றேன்.

"நானும் இரிப்பேன்" என்றார் நளீபா. அப்படித்தான் ஒப்பந்தம் முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். ரிஸ்லா அவனிடம் போன முறை எழுதிய வினாத்தாளைக் கேட்டு வாங்கினாள். அதை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம், இது தெரியுமா, இது எங்கே நின்றது, இதை ஏன் தொடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு பேனையை மூடினாள்.

"அண்ணாக்கு ஏ வேணுமா, பாஸ் வேணுமா?"

"பாஸ்" என்றான் தம்பி.

"அப்ப எஸ் போதும். எஸ்ஸுக்குத்தான் படிப்பம்."

எஸ் என்பது சித்தியில் கடைசித் தரம், மட்டுமட்டான பாஸ். எங்கள் சனத்தில் எஸ் எடுத்தவரை யாரும் பாஸ் என்று சொல்வதில்லை. "எஸ் தானாம்" என்றுதான் சொல்வார்கள். யார்ட்டில் வேலை செய்கிறவன் என்று இவள் என் தம்பியைக் குறைவாக எடைபோட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் சொன்னேன்.

"ஆரம்பத்திலயே எஸ் எண்டுறவள் என்ன டீச்சர்?"

"என்ர பேப்பரைப் பாத்திட்டுத்தானே சொன்னவா" என்றான் தம்பி. "முதல் தடவையா ஒராள் பாத்திருக்கு."

அதற்குப் பிறகு செவ்வாயும் சனியும் பின்னேரம் போனோம். மேசையில் ரிஸ்லாவும் தம்பியும். சோபாவின் ஒரு முனையில் நான், மறுமுனையில் நளீபா. அவர் என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனை கீழே விழுந்தால் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்புவோம். பால் விடாத பிளேன்டி வரும், நன்றாகத்தான் இருக்கும், நான் அதிகம் புகழ்வதில்லை.

என் சந்தேகம் குறையவில்லை, கூடியது. ரிஸ்லா வட்டி, வரி, பங்கு, வரைபு, வட்டம் வட்டமாகக் கீறுகிற தொடை, நிகழ்தகவு என்று திரும்பத் திரும்பச் செய்வித்தாள். கேத்திரகணிதத் தேற்றப் பக்கம் வந்தால் தாளைத் திருப்பிவிடுவாள். "இத விடுங்க அண்ணா. அடுத்தது." ஒரு நாள் அல்ல, எல்லா நாளும். எனக்குப் பொறி தட்டியது: இவளுக்கே தேற்றம் தெரியாது. அதுதான் எஸ் போதும் என்கிறாள்.

பெரிய மாஸ்டரின் ஊக வினாத்தாள் ஒன்றை வாங்கினேன். அதிலே மிகவும் கஷ்டமான தேற்றக் கணக்கு எது என்று தனுஷியாவிடம் கேட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டேன். சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரம் மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, இதை ஒருக்கா செய்து காட்டுங்கோ. தம்பிக்கு விளங்கும்."

தம்பி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. ரிஸ்லா வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படத்தைக் கீறினாள். ஒரு கோட்டை நீட்டினாள். படிப்படியாகக் காரணத்தோடு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். நான் பிளேன்டிக் கோப்பையைக் கையில் எடுத்து வாயில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"வெளங்கிச்சா அண்ணா?"

"இல்லை" என்றான் தம்பி.

"இது வெளங்க ரெண்டு மாசம் வேணும். எங்களுக்கு அவ்வளவு காலமில்ல. பரீட்சையில பன்னிரண்டு கணக்கில பத்துத்தான் செய்யோணும். பத்தையும் முழுசாச் செய்யத் தேவையுமில்ல. ஒங்களுக்கு ஓடுறதெல்லாத்தையும் பிழையில்லாமச் செய்ங்க, அது போதும்." என்னிடம் திரும்பினாள். "நான் எஸ் எண்டது அண்ணாட மூளைக்கு இல்ல அக்கா. காலத்துக்கு."

சோபாவில் இருந்து நளீபா கேட்டார்: "என்ன, சோதிச்சு முடிஞ்சதா? பாஸா, பெயிலா?"

"பாஸ்" என்றேன்.

"எத்தின ஏ?"

தம்பி சிரித்தான். மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். ரிஸ்லாவும் சிரித்தாள். அன்றைக்குப் பிறகு நளீபா டீவியைப் போட்டுவிட்டார். பேனை விழுந்தால் இரண்டு பேருமே திரும்பவில்லை.

பரீட்சை நாள் காலை அவன் பென்சில், வரைகோல், கவராயம் எல்லாவற்றையும் நானே பார்த்து வைத்தேன். மண்டப வாசலில் இன்னொரு தரம் பார்த்தேன். வெளியே வந்தபோது, "தேற்றம் வந்ததோ?" என்று கேட்டேன். "வந்தது. கும்பிட்டிட்டு விட்டிட்டன்" என்றான்.

பெறுபேறு இணையத்தில் வந்த அன்று அவனுடைய பரீட்சைச் சுட்டெண்ணை நான்தான் அடித்தேன். சரியாக அடித்தேனா என்று நம்பாமல் அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். பிறகு தம்பியைக் கொண்டும் அடிப்பித்தேன். மூன்று தரமும் கணிதத்துக்கு நேரே எஸ் என்றுதான் இருந்தது.

கனடாவில் இருந்து மாமி போன் எடுத்து, "என்ன, எஸ் தானாமே?" என்றார். "ஓம் மாமி, எஸ்தான். நாங்கள் படிச்சதே எஸ்ஸுக்குத்தான்" என்றேன். அவர் வேறு கதைக்குப் போய்விட்டார். யோகநாதன் சான்றிதழின் பிரதியை வாங்கி மேலே அனுப்பினார். அடுத்த மாதத்தில் இருந்து தம்பி ஃபோர்க்லிஃப்டில் ஏறவில்லை. அதை ஓட்டுகிறவர்களுக்கு வேலை சொல்கிறான்.

அந்த வாரத்திலேயே தம்பியின் போனுக்கு ஓர் அழைப்பு. அவன் குளித்துக்கொண்டிருந்தான், நான் எடுத்தேன். பெரிய மாஸ்டரின் வாசலில் பெயர் பதிந்த பொடியன்.

"அக்கா, எங்கட லிஸ்டில இருந்தவைக்கு எல்லாம் எடுக்கிறம். அண்ணை பாஸாமே. வேலை செய்துகொண்டு பாஸ் பண்ணினவை எண்டு தனியா ஒரு போஸ்டர் போடுறம். அண்ணைட படம் ஒண்டு அனுப்புவிங்களே?"

காலி வீதி மதிலில் என் தம்பியின் முகம். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கலாம். மாமிக்கும் படம் எடுத்து அனுப்பலாம். பொய் சொல்லவில்லை, எனக்கு ஆசை வந்தது.

"அனுப்பலாம்" என்றேன். "ஆனா கீழ, ரிஸ்லா டீச்சரிட்டப் படிச்சவர் எண்டு எழுதோணும்."

"ஆர் ரிஸ்லா?"

"உங்கட போஸ்டரில இருக்கிற தனுஷியாவைக் கேளுங்கோ. அவவுக்குத் தெரியும்."

பொடியன் பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். எடுக்கவில்லை. இருந்தாலும் நான் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். தம்பி சூப்பர்வைசர் ஆன அன்று யார்ட்டில் மாலை போட்டு எடுத்த படம் ஒன்று அவன் பேஸ்புக்கில் இருக்கிறது. அவர்கள் அதை எடுத்து இடம் வலமாகத் திருப்பிப் போடக்கூடியவர்கள்.